சரின்னு சொன்னேன், சாரின்னு எழுதிருச்சு

போன மாசம் ஒரு மீட்டிங். சென்னை ஆபீஸ்ல ஒரு பொண்ணு, புனேல நான், நடுவுல இன்னும் ஆறு பேரு. அந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல நான் "சரி... சரி... சரி"ன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். நமக்கெல்லாம் அது மூச்சு விடுற மாதிரி, வாய் தானா சொல்லும். திரையில ஓடுற எழுத்துல என் பேருக்கு நேரா என்ன விழுந்துச்சு தெரியுமா? "சாரி. சாரி. சாரி." மீட்டிங் முடிஞ்சப்புறம் எண்ணிப் பார்த்தேன். நாப்பது நிமிஷத்துல பதினாலு தடவ மன்னிப்பு கேட்டிருக்கேன். தங்கமணிகிட்ட கூட இத்தன வருஷத்துல அவ்வளவு கேட்டதில்ல.

வேற நேரமா இருந்தா சிரிச்சுட்டு ஆணி புடுங்கப் போயிருப்பேன். ஆனா அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி நடந்த ஒரு விஷயம் சிரிக்க விடல. அதான் இந்தப் பதிவு. முழுக்க திட்டுதான், முன்னாடியே சொல்லிடறேன். திட்டுல முதல் பங்கு எனக்கு.

விஷயம் இதுதான். மீட்டிங்ல நாம பேசப் பேச எழுத்தா மாத்தி எல்லார் திரையிலயும் ஓட விடுறாங்கல்ல, அந்த மாதிரி ஒண்ண எங்க ஆபீஸ் உள்ளுக்குள்ள பயன்படுத்தக் கட்டினவங்கள்ல நானும் ஒருத்தன். பொட்டி தட்டாதவங்களும் பொறுமையா படிங்க. ஏன்னா பொண்ணோட ஸ்கூல் பேரண்ட்ஸ் மீட்டிங், வீட்டுல இருந்தே பார்க்குற இன்டர்வியூன்னு எல்லாத்துலயும் இது வந்தாச்சு. நீங்க பேசுறதும் இதுக்குள்ள விழுது.

நீங்க பேசுற சத்தத்த நொடிக்கு 16,000 தடவ அளந்து, ஒரு அளவுக்கு 2 பைட்டுன்னு வச்சா நொடிக்கு 32,000 பைட் ஆகுது. அதப் பத்துல ஒரு நொடிக்கு ஒரு துண்டா, 3,200 பைட் துண்டா வெட்டி சர்வருக்கு அனுப்பணும். அங்க பேச்ச எழுத்தாக்குற எஞ்சின் இருக்கு. அது குடுக்குற எழுத்து உடனே எல்லார் திரைக்கும் போகணும். அந்தக் காலத்து வெப் முறை இதுக்கு ஒத்து வராது. அது போஸ்ட்மேன்கிட்ட "லெட்டர் வந்துச்சா, லெட்டர் வந்துச்சா"ன்னு நிமிஷத்துக்கு ஒரு தடவ கேக்குற கதை. இதுக்குத்தான் வெப்சாக்கெட். 2011 டிசம்பர்ல ஆர்.எஃப்.சி. 6455ன்னு முறைப்படி வந்தது. ஒரு தடவ கைகுலுக்கிட்டா லைன் திறந்தே இருக்கும். ரெண்டு பக்கமும் எப்ப வேணா பேசலாம்.

எஸ்.டி.டி. பூத் ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி திறந்த லைன். அம்மா பேசிக்கிட்டே இருக்கறப்ப லைன் கட்டாச்சுன்னா என்ன பண்ணுவோம்? திரும்ப டயல் பண்ணி "எதுவரைக்கும் சொன்ன? அப்புறம் சொன்னது கேக்கல"ன்னு கேப்போம். அந்தக் கேள்விதான் முக்கியம். வெப்சாக்கெட் அந்தக் கேள்விய தானா கேக்காது. கட்டானா கட்டானதுதான். திரும்ப இணைச்சா அது புது கால், பழச ஒண்ணும் தெரியாது. விட்டுப்போனத கேட்டு வாங்குற வேலை கோடு எழுதுறவனோடது.

இதுல இன்னொரு கூத்து. லைன் மூடினப்புறமும் பிரவுசர்ல செண்ட் பண்ணிக்கிட்டே இருந்தா அது ஒரு எர்ரர் கூட குடுக்காது. வாங்கி, சத்தமில்லாம கீழ கொட்டிடும். ஒட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற மாதிரி. இது ஒளிச்சு வச்ச ரகசியம் இல்ல, அது அப்படித்தான் நடந்துக்கணும்னே எழுதி வச்சிருக்காங்க. எனக்கும் தெரியும். தெரிஞ்சும் விட்டேன். ஏன்னு கீழ சொல்றேன்.

இப்ப அந்த தம்பி கதை. விருதுநகர் பக்கம் ஊரு. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகல, இங்க பி.ஜி.ல தங்கியிருக்கான். ராத்திரி ரிலீஸ் இருந்த ஒரு நாள் சாயங்காலம் கால்ல இருந்தான். பி.ஜி. வைஃபை போய், போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினான். பேசுற கால் ஒரு நொடி திக்கிட்டு சரியாயிடுச்சு. அது வேற வழியில போகுது. எழுத்துக்குப் போற வெப்சாக்கெட் திரும்ப இணைய எட்டு நொடி ஆச்சு. அந்த நேரத்துல அவன் இங்கிலீஷ்ல சொன்னது இது:

"டிப்ளாயிங் டுநைட் வித்தவுட் பேக்கப் இஸ் எ ரிஸ்க். ஆஃப்டர் தி பேக்கப் இஸ் ஓவர், டிப்ளாயிங் இஸ் ஃபைன் ஃப்ரம் மை சைட்."

திரையில விழுந்தது இது:

"டிப்ளாயிங் டுநைட் இஸ் ஃபைன் ஃப்ரம் மை சைட்."

நல்லா பாருங்க. ஒரு வார்த்தை கூட தப்பா கேக்கல. எழுதினது எல்லாமே அவன் வாயால சொன்ன வார்த்தைதான். நடுவுல இருந்த எட்டு நொடி மட்டும் காணோம். முன்னையும் பின்னையும் ஒட்டினதுல, பேக்கப் இல்லாம வேணாம்னு சொன்னவன் தாராளமா பண்ணுங்கன்னு சொன்ன மாதிரி ஆயிருச்சு.

ராத்திரி ரிலீஸ் போச்சு. பேக்கப் முடியல. காலையில டேட்டா குழப்பம், திரும்பக் கொண்டுவர ஒன்றரை நாள். "யாரு ஓகே சொன்னது?"ன்னு கேள்வி வந்துச்சு. டேமேஜர் மீட்டிங் குறிப்பத் திறந்தார். தம்பி பேரு, நேரம், வாக்கியம். "நான் அப்படி சொல்லல சார்"னு அவன் சொன்னான். "உன் பேர்லதானப்பா இருக்கு"ன்னு பதில். கால்ல இருந்த எட்டு பேரு காதுலயும் அவன் சொன்னது விழுந்திருக்கும். ஆனா எழுதினது கண்ணு முன்னாடி இருக்கறப்ப காதுல விழுந்தத யாரு நம்புறா? ரெண்டு பேரு "அப்படித்தான் சொன்னான்னு நெனைக்கிறேன்"னாங்க. எழுத்தப் பார்த்துட்டு வந்த ஞாபகம் அது.

எனக்கு மட்டும் வயித்துக்குள்ள ஏதோ புரண்டுச்சு. சர்வர் லாக் எடுத்துப் பார்த்தேன். அவனோட லைன் மூடின நேரம், திரும்பத் திறந்த நேரம், நடுவுல எட்டு நொடி. 2,56,000 பைட் சத்தம் வந்தே சேரல. ஓடிப்போய் காட்டினேன். இடைவெளி இருந்துச்சுன்னு நிரூபிக்க முடிஞ்சுது. அந்த இடைவெளியில அவன் என்ன சொன்னான்னு நிரூபிக்க முடியல. ஆடியோவ நாங்க சேமிக்கறதில்ல.

இனி என் பங்கு. லைன் கட்டானா திரும்ப இணை, ஒரே ஆள் பத்து நொடிக்குள்ள தொடர்ந்து பேசினா ஒரே வாக்கியமா சேர்னு எழுதினது நான்தான். அங்க ஒரு இடைவெளிக் குறி போட்டிருக்கலாம். மூணு புள்ளியாவது வச்சிருக்கலாம். ஏன் போடல? டெமோல அழகா இருக்காதுன்னு. எழுத்து ஆறு மாதிரி ஓடணும், பெரிய தலைங்க "வாவ்" சொல்லணும். சொன்னாங்க. எனக்கு ஒரு கைதட்டல் கிடைச்சுது. அந்தக் கைதட்டலுக்கு பில்லு கட்டினவன் அந்தத் தம்பி.

இத ஏன் "ஒரு பக்"னு சொல்லி முடிக்க மாட்டேங்கிறேன்னா, எங்க அப்பா ஒரு கேள்வி கேட்டார்.

அப்பாவுக்கு எழுபத்தேழு வயசு. திருவாரூர்லேருந்து எங்ககூட வந்து மூணு மாசம் இருந்துட்டுப் போனார். காது ரொம்ப மந்தம். ஆண்ட்ராய்டு போன்ல லைவ் ட்ரான்ஸ்கிரைப்னு ஒண்ணு 2019ல வந்துச்சு, தமிழும் உண்டு. அதப் போட்டு சாப்பாட்டு மேசையில வச்சேன். பேத்தி பேசினது எழுத்தா ஓடுச்சு. நாலு வருஷமா சும்மா சிரிச்சு சமாளிச்சுக்கிட்டிருந்த மனுஷன் அன்னிக்கு பேத்திகூட வாதம் பண்ணார். தங்கமணி அடுப்படியில போய் கண்ணத் தொடச்சுக்கிட்டா. அதனால இந்த டெக்னாலஜியே வேணாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. சொன்னா எங்க அப்பா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டார்.

ரெண்டாவது நாள் அப்பா கேட்டார்: "ஏண்டா, எழுத்து வந்து வந்து மாறுதே. மொதல்ல ஒண்ணு போடுது, அப்புறம் அழிச்சுட்டு வேற போடுது. இதுல எத நம்புறது?"

அவ்வளவுதான் சார். வருஷக்கணக்கா நாங்க டிசைன் மீட்டிங்ல கேக்காத கேள்வி. நேரடியா எழுத்தாக்குற எந்த எஞ்சினும் முதல்ல குடுக்குறது ஊகம். பாதி வாக்கியம் கேட்டுட்டு "இதுவா இருக்கும்"னு போடும். மீதியும் கேட்டப்புறம் திருத்தும். கடைசியா "இது முடிவு"ன்னு ஒரு முத்திரை குத்தும். அந்த முத்திரை ஒவ்வொரு துண்டோடயும் வருது. நாங்கதான் திரையில அத காட்டறதில்ல. ஊகமும் முடிவும் ஒரே கறுப்பு, ஒரே எழுத்து. முடிவுன்னு முத்திரை குத்தினதும் எஞ்சினோட முடிவுதான், பேசினவன் முடிவு இல்ல. என் பதினாலு "சாரி"யும் முத்திரை குத்தி வந்ததுதான்.

நேரலைங்கிற வார்த்தைக்கு ஒரு மயக்கம் இருக்கு. கண்ணு முன்னாடி ஓடுறதால உண்மைன்னு தோணுது. நெசத்துல அவசரமா வர்றதுதான் ரொம்பத் தப்பா இருக்க வாய்ப்பு. பின்னாடி வர்ற வார்த்தையக் கேக்காமலே எழுதுது இல்ல?

நம்ம உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரி 21ல அரசியல் சாசன அமர்வு விசாரணைய நேரடியா எழுத்தாக்க ஆரம்பிச்சுது, சோதனையா. அங்கயும் திரையில ஓடுச்சு. ஆனா ஓடினதயே பதிவுன்னு எடுத்துக்கல. வாதாடின வக்கீல்கள் சரிபார்த்தப்புறம் வெளியிடறதுன்னு வச்சுக்கிட்டாங்க. ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா குழப்பம் வரும்னும் அன்னிக்கே பேசினாங்க. நாடாளுமன்றத்துலயும் அன்னன்னிக்கு வெளியிடற விவாதப் பதிவுல திருத்தப்படாததுன்னு போட்டுத்தான் வைக்கிறாங்க. பேசுறதே தொழிலா இருக்குறவங்களுக்கு, மைக் முன்னாடி நின்னு பேசுறவங்களுக்கு இந்தப் பாதுகாப்பு. பி.ஜி. மாடிப்படியில உக்காந்து ஹாட்ஸ்பாட்ல பேசுற இருபத்துமூணு வயசுப் பையனுக்கு ஒண்ணும் கிடையாது.

இப்ப நம்ம ஆளுங்களுக்கு வரேன். இந்தக் கதைய நண்பர்கள்கிட்ட சொன்னப்ப நாலு தமிழ்க்காரங்க ஒரே மாதிரி பேசினாங்க. "நம்ம ஆக்சென்ட் அப்படிப்பா. பசங்க கொஞ்சம் நிறுத்தி, தெளிவா பேசிப் பழகணும்." கோவம் வந்துச்சு. தம்பி விஷயத்துல உச்சரிப்புக்கு வேலையே இல்ல, கட்டானது லைன். அத விசாரிக்காமலே தப்ப நம்ம நாக்கு மேல போட்டுக்கறோம். வெளியூர் வந்து வேலை பாக்குற நமக்கு இது ஒரு வியாதி. இந்தி தெரியலன்னா நம்ம தப்பு, மராத்தி புரியலன்னா நம்ம தப்பு, இப்ப மெஷினுக்குக் காது கேக்கலன்னாலும் நம்ம தப்பு.

உச்சரிப்புன்னே வச்சுக்குவோம். 2020ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு. அஞ்சு பெரிய கம்பெனிகளோட எஞ்சினச் சோதிச்சாங்க. வெள்ளைக்காரங்க பேசினதுல நூறு வார்த்தைக்கு சராசரியா 19 தப்பு, கறுப்பினத்தவங்க பேசினதுல 35 தப்பு. அது அவங்க ஊரு இங்கிலீஷ், அந்தக் கணக்க அப்படியே நமக்குப் போடக் கூடாது. ஆனா பொறந்ததுலேருந்து இங்கிலீஷ் மட்டுமே பேசுறவங்களுக்கே இந்த நிலைமை. அவங்க யாரும் நாக்க மாத்திக்கணும்னு ஆய்வு சொல்லல. எஞ்சினுக்குக் குடுத்த பேச்சுல அவங்க குரல் பத்தலன்னு சொல்லிச்சு. நம்ம ஐஐடி மெட்ராஸ்ல ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகள்ல பேச்சு சேகரிச்சு வெளியிட்டிருக்கறதும் இந்தக் குறையத் தீர்க்கத்தான். மாற வேண்டியது மெஷினோட காது.

அதோட நாம யாரு ஒரே மொழியில பேசுறோம்? "அந்த டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிட்டேன், சரியா?"ன்னுதான் பேசுவோம். எஞ்சினுக்கு மொழி இங்கிலீஷ்னு குடுத்துட்டா எது கேட்டாலும் இங்கிலீஷ் வார்த்தையாத்தான் போடும். சரி சாரி ஆகறது அப்படித்தான்.

எதிர்க்கட்சி வாதம் மூணு வந்துச்சு. ஒவ்வொண்ணா பாப்போம்.

"இது ஒரு வசதிக்குத்தான், யாரு படிக்கப் போறா?" முன்னாடி சரி. இப்ப அந்த எழுத்த இன்னொரு ஏஐ சுருக்கி அஞ்சு வரியாக்குது. யாரு என்ன ஒத்துக்கிட்டாங்கன்னு பட்டியல் போடுது. அந்தப் பட்டியல் அப்ரைசல் வரைக்கும் போகுது. சுருக்குறதுக்கு எட்டு நொடி ஓட்டை தெரியாது. ஓட்டைய இன்னும் அழகா பூசித்தான் குடுக்கும்.

"லைவ்ல வேகம்தான் முக்கியம், கொஞ்சம் விட்டுப்போனா பரவாயில்ல." திரைக்கு வேகம் வேணும், ஒத்துக்கறேன். பதிவுக்கு எதுக்கு வேகம்? ரெண்டையும் ஒண்ணா கட்டினதுதான் தப்பு. திரையில எட்டு நொடி போகட்டும், லைன் வந்தப்புறம் அந்த எட்டு நொடிய பதிவுல சேர்க்கலாமே.

"அதுக்கெல்லாம் ரொம்ப மெமரி ஆகும்." இதுக்குத்தான் சிரிப்பு வருது. முப்பது நொடி சத்தத்த பிரவுசர்லயே பிடிச்சு வச்சா 9,60,000 பைட். ஒரு எம்.பி. கூட இல்ல. உங்க போன்ல எடுக்குற ஒரு போட்டோ இத விட பெருசு.

அதனால கட்டுறவங்ககிட்டயும் வாங்குறவங்ககிட்டயும் நான் கேக்கறது அஞ்சு விஷயம்:

1. ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண் குடுங்க. வந்து சேர்ந்துச்சுன்னு சர்வர் சொல்ற வரைக்கும் அனுப்பினவர் பிரதிய கையில வச்சிருக்கணும். திரும்ப இணைஞ்சா சர்வர் "412 வரைக்கும் வந்துச்சு"ன்னு சொல்லணும், இவர் 413லேருந்து குடுக்கணும். லைன் உயிரோட இருக்கான்னு சில நொடிக்கு ஒரு தடவ கேளுங்க. பிரவுசர் கோடுலேருந்து பிங் அனுப்ப வழி இல்ல, அதனால நாமளே ஒரு சின்ன செய்தி அனுப்பி பதில் வாங்கணும்.

2. அப்படியும் போச்சுன்னா, "இங்க 8 நொடி இல்ல"ன்னு எழுதுங்க. யாராலயும் அழிக்க முடியக் கூடாது. சுருக்கத்துக்குள்ளயும் அது போகணும். ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் இருக்குறத ஒரு நாளும் ஒட்டாதீங்க.

3. ஊகம் சாம்பல் நிறம், முடிவு கறுப்பு. ஊகத்த சேமிக்காதீங்க.

4. பேசினவருக்குத் திருத்துற உரிமை, ஒரு முழு நாள். அதுவரைக்கும் அத ஆதாரமா யாரும் தூக்கிக் காட்டக் கூடாது.

5. அந்த ஒரு நாள் வரைக்கும் ஆடியோவ வச்சிருங்க, அப்புறம் அழிச்சுடுங்க. ரெண்டும் எல்லாருக்கும் தெரிஞ்சு நடக்கணும். ரகசியம் காக்கறோம்னு சொல்லி சாட்சிய அழிச்சுட்டு, சாட்சி சொன்னதா ஒரு காகிதத்த மட்டும் வச்சுக்கறது நியாயம் இல்ல.

கட்டாதவங்களுக்கு, அதாவது நம்ம வீடுகளுக்கு ரெண்டு விஷயம். முக்கியமான எதுக்காவது சம்மதமோ மறுப்போ சொன்னீங்கன்னா மீட்டிங் முடிஞ்சதும் ரெண்டு வரி மெயில் போட்டுடுங்க. "இன்ன நிபந்தனையோடதான் சரின்னேன்"னு. இது கோழைத்தனம் இல்ல. அப்புறம், ஊர்லேருந்து புதுசா வந்த பசங்க யாராவது "நான் அப்படி சொல்லல"ன்னு சொன்னா, முதல் கேள்வி "தெளிவா பேசினியா?"ன்னு இருக்க வேணாம். "லைன் இருந்துச்சா?"ன்னு இருக்கட்டும்.

தம்பிக்கு கடைசியில பெருசா ஒண்ணும் ஆகல. என் லாகப் பாத்துட்டு விட்டுட்டாங்க. ஆனா அவன் இப்ப மீட்டிங்ல வாயே திறக்கறதில்ல. கேட்டா சாட்ல டைப் அடிக்கிறான். ரிலீஸ் அன்னிக்கு எட்டு பேர்ல அவன் ஒருத்தன்தான் பேக்கப் பத்தி யோசிச்சவன். அந்த வாயத்தான் மூட வச்சிருக்கோம். போன வாரம் அவன்கிட்ட போய், ஒட்டின கோடு என்னோடதுன்னு சொல்லி மன்னிப்பு கேட்டேன். "பரவால்லண்ணே"ன்னான். அது எந்த மாதிரி பரவால்லன்னு எனக்குப் புரிஞ்சுது.

ஒட்டுற வேலைய எடுத்துட்டேன். இப்ப லைன் போனா நடுவுல "8 நொடி இல்ல"ன்னு சிவப்புல வருது. பாத்த உடனே டேமேஜர் கேட்டார், "இத எடுக்க முடியாதா? அசிங்கமா இருக்கே."

அசிங்கம்தான் சார், இருக்கட்டும்னேன்.

டிஸ்கி: இந்தப் பதிவ படிச்சுக் காட்டினப்ப தங்கமணி சொன்னது, "பதினாலு சாரியும் வீணா ஆபீசுக்குப் போச்சே." நான் சொன்னது சரிதான்னு மறுபடி விளக்கினேன். கேக்கற மாதிரி தெரியல.